புதிய பெரிய எஸ்யூவியில் பழுது: அமெரிக்க ரீகால் சட்டம் உரிமையாளருக்குத் தருவது என்ன?

அமெரிக்காவில் விற்கப்படும் ஒரு வாகனத்தில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறைபாடு இருப்பது உறுதியானால், அதைத் தயாரித்த நிறுவனம் உரிமையாளரிடம் எந்தக் கட்டணமும் வாங்காமல் அதைச் சரிசெய்து தர வேண்டும். 1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வரும் கடமை இது. இதைத்தான் ரீகால் என்கிறோம். இதைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பு, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், சுருக்கமாக என்.எச்.டி.எஸ்.ஏ. வாரண்டியையும் ரீகாலையும் பலர் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாரண்டி என்பது இத்தனை ஆண்டு, இத்தனை மைல் என்று நிறுவனம் தானே வரையறுத்துத் தரும் உறுதிமொழி. ரீகால் என்பது சட்டம் சுமத்திய கடமை. ஆகவே வண்டி எத்தனை மைல் ஓடியிருந்தாலும், அது எத்தனை கை மாறியிருந்தாலும், முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் ரீகால் அறிவிக்கப்பட்டால் பழுதுபார்ப்பு இலவசம். டயர்களுக்கு மட்டும் இந்தக் காலவரம்பு 5 ஆண்டுகள்.

இந்த உரிமை எப்படிப் பிறக்கிறது என்பதை ஓர் அண்மை நிகழ்வைக் கொண்டு பார்ப்பது நல்லது. 2021 முதல் 2024 வரையிலான மாடல்களில் செவ்ரலே டாஹோ, சபர்பன், ஜிஎம்சி யூகான், காடிலாக் எஸ்கலேட் ஆகிய பெரிய எஸ்யூவிகளிலும், அதே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சில்வராடோ, சியரா பிக்கப் வண்டிகளிலும் பொருத்தப்பட்ட 6.2 லிட்டர் வி8 எஞ்சின்களில், உள்ளே சுழன்று இயங்கும் பாகங்களான கனெக்டிங் ராடும் கிராங்க்ஷாஃப்டும் பழுதாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுவதாகப் புகார்கள் எழுந்தன. தன்னிடம் நேரடியாக வந்திருந்த 39 புகார்களையும் நிறுவனம் அளித்திருந்த சில கள அறிக்கைகளையும் கொண்டு என்.எச்.டி.எஸ்.ஏ. 2025 ஜனவரியில் முதற்கட்ட விசாரணையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தது. அப்போது அது அரசிடம் தாக்கல் செய்த ஆவணத்தில், இந்த எஞ்சின் கோளாறு தொடர்பாக 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களும் சம்பவங்களும் தன் பதிவுகளில் இருப்பதாகவும், அவற்றில் ஏறத்தாழ பாதி வண்டி இழுவிசையை இழந்தது பற்றியவை என்றும், 12 விபத்துகளும் 12 காயங்களும் இதனோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்றும் குறிப்பிட்டிருந்தது.

அரசிடம் இருந்தவை 39. நிறுவனத்திடம் இருந்தவை 28 ஆயிரத்துக்கும் மேல். உரிமையாளர்கள் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வண்டி நடுச்சாலையில் நின்றுபோனால் டீலரிடம் கொண்டுபோகிறோம், சர்வீஸ் மேலாளரிடம் விளக்குகிறோம், எழுதிக்கொள்கிறார்கள். புகார் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு திரும்பிவிடுகிறோம். ஆனால் அந்தப் புகார் நிறுவனத்தின் கோப்புக்குத்தான் செல்கிறது. 2000ஆம் ஆண்டில், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து பலர் இறந்ததையடுத்து நிறைவேற்றப்பட்ட ட்ரெட் சட்டம், இத்தகைய புகார்களின் எண்ணிக்கையைக் குறித்த காலங்களில் அரசுக்குத் தெரிவிக்கும்படி பெரிய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது என்பது உண்மையே. ஆனால் எண்ணிக்கை போய்ச் சேர்வது வேறு, எந்த வேகத்தில் எந்தச் சூழலில் என்ன நடந்தது என்ற விவரம் போய்ச் சேர்வது வேறு. அந்த விவரத்தை அரசின் ஆய்வாளர் உரிமையாளரின் சொற்களிலேயே படிக்க வேண்டுமானால் உரிமையாளர்தான் எழுதி அனுப்ப வேண்டும்.

புகாரை என்.எச்.டி.எஸ்.ஏ. இணையதளத்தில் பதிவுசெய்யலாம், அல்லது 1-888-327-4236 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம். விபத்து நடந்திருக்க வேண்டும் என்றோ, யாராவது காயமடைந்திருக்க வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை; வழக்கறிஞரும் தேவையில்லை. வண்டியின் அடையாள எண்ணான, 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட வின் எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள், ஏனெனில் எந்த ஆலையில், எந்தக் காலத்தில், எந்த எஞ்சினோடு அந்த வண்டி தயாரானது என்பதை ஆய்வாளர் அதைக்கொண்டே பிற புகார்களோடு பொருத்திப் பார்க்க முடியும். ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் கீழ்மூலையிலும், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அட்டையிலும் அந்த எண்ணைக் காணலாம். அடுத்ததாக, நாள், வேகம், ஓடிய மைல், எச்சரிக்கை விளக்கு எரிந்ததா, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் இயங்கினவா, டீலர் என்ன சொன்னார் என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். இத்தனை விலை கொடுத்து வாங்கிய வண்டி இப்படி ஆகிவிட்டதே என்ற கோபம் நியாயமானதே. ஆனாலும் ஆய்வாளருக்குப் பயன்படுவது ‘65 மைல் வேகத்தில் செல்லும்போது எந்த எச்சரிக்கையும் இன்றி எஞ்சின் நின்றது’ என்பது போன்ற ஒரு வரிதான். உங்கள் பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட பிறகே புகார் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்.

எல்லாக் குறைகளும் இந்தச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. குளிர்சாதனம் வேலை செய்யாதது, ரேடியோ பழுது, வண்ணப்பூச்சு உரிவது, எஞ்சின் அதிகமாக ஆயில் குடிப்பது, தேய்ந்துபோகும் பிரேக் பேட் போன்றவற்றை என்.எச்.டி.எஸ்.ஏ. பாதுகாப்புக் குறைபாடாகக் கருதுவதில்லை. ஸ்டீயரிங் பாகம் திடீரென உடைவது, எரிபொருள் கசிவது, ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்வது, மின்கம்பிக் கோளாறால் தீப்பிடிப்பது, காரணமின்றி ஏர்பேக் விரிவது ஆகியவை பாதுகாப்புக் குறைபாடுகள். முதல் வகைக் குறை புதிய வண்டியில் திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு வாரண்டியும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே இயற்றியுள்ள, பழுதான வண்டி வாங்கியவரைக் காக்கும் ‘லெமன்’ சட்டங்களுமே வழி. அச்சட்டங்களின் நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எத்தனை முறை பழுதுபார்க்கக் கொடுத்தீர்கள் என்பதே பெரும்பாலும் அங்கே முக்கியமான சான்று. எனவே டீலர் ‘கோளாறு தென்படவில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினாலும் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

புகார்கள் சேர்ந்து ஒரு போக்கு தென்பட்டால் முதற்கட்ட மதிப்பீடும், தேவையானால் அதைத் தொடர்ந்து பொறியியல் ஆய்வும் நடைபெறும். பெரும்பாலான ரீகால்களை நிறுவனங்கள் தாமே அறிவித்துவிடுகின்றன. அரசு ஆணையிடும் நிலை அரிதாகவே வருகிறது. குறைபாடு உள்ளது என்று நிறுவனம் முடிவுசெய்த 5 வேலை நாட்களுக்குள் அரசுக்கும், அவ்வாறு தெரிவித்த 60 நாட்களுக்குள் தபால்மூலம் உரிமையாளர்களுக்கும் அறிவிக்க வேண்டும். விசாரணை தொடங்க வேண்டும் என்று தனிமனிதர் ஒருவரும் மனு அளிக்கலாம். அதை ஏற்பதா மறுப்பதா என்று 120 நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும் என்கிறது சட்டம்; மறுத்தால் காரணத்தை அரசிதழில் வெளியிட வேண்டும். இப்படி ஒரு வழி இருப்பது பரவலாகத் தெரியவில்லை என்பது என் வருத்தம்.

கடிதம் வந்தவுடன் தீர்வும் கிடைத்துவிடும் என்பதில்லை. உதிரிபாகம் தயாராகாத நிலையில் குறைபாட்டை மட்டும் தெரிவிக்கும் இடைக்காலக் கடிதம் முதலில் வரும். தீர்வு தயாரானதும் இரண்டாவது கடிதம் வரும். இடைப்பட்ட காலத்துக்கு மாற்று வண்டி தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்லவில்லை. சில நிறுவனங்கள் கேட்டால் தருகின்றன என்பதால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. இந்தக் காத்திருப்பு சில வேளைகளில் மிகவும் ஆபத்தானது. 2022 மே மாதம் ஃபோர்டு நிறுவனம் 2021 மாடல் எக்ஸ்பெடிஷன், லிங்கன் நேவிகேட்டர் வண்டிகளில் சுமார் 39 ஆயிரத்துக்கு ரீகால் அறிவித்தபோது, வண்டிகள் தீப்பற்றுவதற்கான காரணம் இன்னதென்று அதற்கே தெரிந்திருக்கவில்லை. அணைத்து நிறுத்தியிருந்த நிலையிலேயே வண்டிகள் தீப்பற்றியிருந்ததால், வீட்டிலிருந்து விலக்கித் திறந்தவெளியில் நிறுத்துங்கள் என்ற அறிவுரை மட்டுமே அப்போது வந்தது. வெளியே நிறுத்துங்கள், ஓட்டாதீர்கள் என்ற சொற்கள் எந்த ரீகால் கடிதத்தில் இருந்தாலும், படித்த அன்றே அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

தீர்வு என்று சட்டம் ஏற்பவை மூன்று: பழுதுபார்ப்பது, அதே போன்ற வேறு வண்டி தருவது, தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு விலையைத் திருப்பித் தருவது. எது என்று முடிவுசெய்யும் உரிமை நிறுவனத்துக்கே உரியது என்பதால் பெரும்பாலும் முதலாவதே கிடைக்கும். ஆனால் வண்டியைப் பழுதுபார்ப்புக்கு ஒப்படைத்த 60 நாட்களுக்குள் முறையாகச் சரிசெய்யாவிட்டால், நியாயமான காலத்துக்குள் செய்யத் தவறியதற்கு அதுவே முதல்தோற்றச் சான்றாகும், அதாவது மறுத்து நிரூபிக்கப்படாத வரை ஏற்கப்படும் சான்று. பிறகு மாற்று வண்டியோ பணமோ தரும் கடமை நிறுவனத்தின் மேல் விழுகிறது. இதை நிலைநாட்ட ஒப்படைத்த தேதி காகிதத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்ன 6.2 லிட்டர் எஞ்சின் ரீகாலில் எல்லா வண்டிகளுக்கும் புதிய எஞ்சின் கிடைக்கவில்லை. சோதனையில் தேறாதவற்றுக்குப் பழுதுபார்ப்போ எஞ்சின் மாற்றமோ செய்யப்பட்டது. தேறியவற்றுக்குப் பாகுத்தன்மை கூடிய ஆயில், புதிய ஆயில் மூடி, புதிய ஃபில்டர் ஆகியவையே தீர்வு. தேறிய வண்டியின் உரிமையாளருக்கு மனநிறைவு ஏற்படாதது இயல்பே. அத்தகையவர் தட்டும் ஓசை, இழுவைக் குறைவு, எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றைத் தொடர்ந்து கவனித்து ஒவ்வொரு முறையும் டீலரிடம் பதிவுசெய்ய வேண்டும்.

ரீகால் வருவதற்கு முன்பே சொந்தச் செலவில் அதே கோளாறைச் சரிசெய்திருந்தால், நிறுவனம் வரையறுத்த காலத்துக்குள் நடந்த பழுதுபார்ப்புக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரசீது இன்றி இது நடக்காது.

கடிதத்துக்காகக் காத்திராமல், அரசு இணையதளத்தில் வின் எண்ணை இட்டு அவ்வப்போது தேடிப் பாருங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதம் உங்களை எட்டாமல் போகலாம். புதிதாக அறிவிக்கப்பட்ட ரீகாலில் எல்லா வின் எண்களும் உடனே சேர்க்கப்படுவதில்லை என்பதால், ஒருமுறை ஒன்றும் இல்லை என்று வந்ததை இறுதியானதாகக் கொள்ள வேண்டாம். அதே பக்கத்தில் நிறுவனங்கள் டீலர்களுக்கு அனுப்பும் சர்வீஸ் அறிக்கைகளையும் படிக்கலாம். அவை ரீகால் அல்ல, இலவசப் பழுதுபார்ப்புக்கு உறுதியும் அல்ல. ஆனால் உங்கள் வண்டியின் கோளாறு நிறுவனத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் என்பதற்கு அவை நல்ல சான்று. ரீகால் நிலுவையில் உள்ள புதிய வண்டியை டீலர் சரிசெய்யாமல் ஒப்படைக்கக் கூடாது. 35 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகளை வைத்திருக்கும் வாடகை நிறுவனங்களும் அத்தகைய வண்டியை வாடகைக்கு விடக் கூடாது. பழைய வண்டிகளை விற்பதற்கு மட்டும் கூட்டாட்சிச் சட்டத்தில் இந்தத் தடை இல்லை. இது பெரிய ஓட்டை என்றே நான் கருதுகிறேன். ஆகவே பழைய எஸ்யூவி வாங்குவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வின் எண்ணைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

ரீகால் வேலை முடிந்த பிறகும் அதே கோளாறு திரும்பினால், முந்தைய ரீகால் எண்ணையும் வேலை நடந்த தேதியையும் குறிப்பிட்டு மீண்டும் என்.எச்.டி.எஸ்.ஏ.வுக்கு எழுதுங்கள். அளிக்கப்பட்ட தீர்வு போதுமானதா, போதிய வண்டிகள் ரீகாலில் சேர்க்கப்பட்டனவா என்று விசாரிக்கும் அதிகாரமும் அந்த அமைப்புக்கு உண்டு. அந்த விசாரணைக்கும் உரிமையாளர்களின் புகார்களே அடிப்படை.