முன்பாரம் குறைந்தால் வால் ஆடும்

மதுரை அருகே மேலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் இரண்டு எடை மேடைச் சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பி, கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். பட்டறையில் சொல்லி, ஒற்றை அச்சில் ஓடும் சிறிய வீட்டு டிரெய்லர் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, பின்கோடியில் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அதைத் தன் பிக்கப்பில் மாட்டிக்கொண்டு, ஆடி மாதத்தில் குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குப் போயிருக்கிறார். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும் வழியில், கள்ளிக்குடி அருகே உறவினர் தோட்டத்தில் ஓர் இரவு தங்குவதாகத் திட்டம். அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் கோவில்பட்டியிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டார்கள். விருதுநகரைத் தாண்டி 85 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது ஓர் ஆம்னி பஸ் அவர்களை முந்திச் சென்றது. டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தார், ஆட்டம் கூடியது. பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். சிறிது தூரத்தில் தானாக அடங்கிவிட்டது.

"அதே வண்டி, அதே சாலை. போகும்போது ஆடாதது வரும்போது ஏன் ஆடியது?" என்பது அவர் கேள்வி. வழியில் டீக்கடைக்காரர், அது காவு வாங்கும் இடம் என்று சொல்லி, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் போகச் சொன்னாராம்.

விடை அந்தச் சீட்டுகளிலேயே இருக்கிறது. அதைப் படிக்குமுன், டயருக்கும் சாலைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

பஸ் முந்தும்போது அதன் முன்னால் நெருக்கப்பட்ட காற்று டிரெய்லரின் பக்கச்சுவரைத் தள்ளுகிறது. பள்ளமோ ஆடிக்காற்றோ அதே வேலையைச் செய்யும். முதல் தள்ளலை யாராலும் தவிர்க்க முடியாது. அதன்பின் டிரெய்லர் கொக்கியை மையமாகக் கொண்டு, தரையில் படுக்க வைத்த ஊசல் போல அலைகிறது. பிளஸ் ஒன் பாடத்தில் வரும் தடையுறு அலைவுதான் இது. தடை போதுமான அளவு இருந்தால் இரண்டு மூன்று அலைவில் நின்றுவிடும். அந்தத் தடையைத் தருவது எது? பெரும்பாலும் டயர்கள்தான்.

உருண்டு போகும் டயர், தான் பார்க்கும் திசையிலேயே போனால் பக்கவாட்டில் எந்த விசையும் தராது. பார்க்கும் திசைக்கும் உண்மையில் நகரும் திசைக்கும் சிறு கோணம் விழுந்தால், சாலையைத் தொட்டிருக்கும் உள்ளங்கை அளவு ரப்பர் வளைந்து, நிமிரத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் பக்க விசை. கோணம் சிறியதாக இருக்கும்வரை, கோணம் இரண்டு மடங்கானால் விசையும் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இப்போது டிரெய்லர் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சக்கரம் பக்கவாட்டில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. வண்டி மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 10 மீட்டரில் போனால், முன்னே 10 பங்கு, பக்கத்தில் 1 பங்கு, கோணம் 5.7 பாகை. 72 கிலோமீட்டரில் அதே ஆட்டத்துக்கு முன்னே 20 பங்கு, பக்கத்தில் 1 பங்கு, கோணம் 2.9 பாகை. 108 கிலோமீட்டரில் 1.9 பாகைதான். ஆட்டம் அதே ஆட்டம். ஆனால் அதைப் பிடித்து நிறுத்தும் விசை, வேகம் ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே போகிறது. கோணலாகிவிட்ட டிரெய்லரை நேராக இழுக்கும் விசையோ குறைவதில்லை. ஊஞ்சலைப் பின்னுக்கு இழுக்கும் புவியீர்ப்பு அப்படியே இருக்க, அதை அமர்த்தும் கை மட்டும் விலகிக்கொண்டே போவதற்குச் சமம் இது. வேகமாகப் போனால் டிரெய்லர் ஆடும் என்று பலரும் சொல்கிறார்கள். டிரெய்லர் எந்த வேகத்திலும் ஆடும். வேகம் செய்வது, அதை அடக்கும் கையை எடுத்துவிடுவது. ரப்பர் துண்டு ஒன்றின் வளைவுக்குள் இத்தனை அழகான கணக்கு ஒளிந்திருப்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

தடை குறைந்தால் ஆட்டம் அடங்கத் தாமதமாகும். அது வளர்வதற்கு ஒருவர் ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ள வேண்டும். அந்த வேலையை, அறியாமலேயே பிக்கப் செய்கிறது. கொக்கி அதன் பின் அச்சுக்கு மேலே இல்லை. ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் தள்ளி பம்பரில் இருக்கிறது. டிரெய்லர் கொக்கியை இடப்பக்கம் தள்ளினால், அந்த ஒரு மீட்டர் நெம்புகோலாகி பிக்கப்பின் மூக்கை வலப்பக்கம் திருப்புகிறது. மூக்கு திரும்பிய பக்கம் வண்டி நகர, கொக்கியும் சற்றுத் தாமதமாகப் பின்தொடர்கிறது. அந்தத் தாமதம் ஆட்டத்தோடு ஒத்துப்போனால் ஒவ்வொரு அலைவும் முந்தியதைவிடப் பெரிதாகும். அதற்கான ஆற்றல் வண்டியின் முன்னோட்டத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு வண்டி, டிரெய்லர் ஜோடிக்கும் இப்படி ஓர் எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் அடங்கும். அதற்கு மேலே வளரும். கப்பலூர்ப் பக்கம் போகும் கண்டெய்னர் லாரிகளைக் கவனியுங்கள். அவ்வளவு நீளம் இருந்தும் எளிதில் வாலாட்டுவதில்லை. அவற்றின் இணைப்பு ஆணி, இழுக்கும் லாரியின் பின் அச்சுகளுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ இருப்பதால் அந்த நெம்புகோல் அங்கே இல்லை.

எல்லை வேகத்தைக் கீழே இறக்கிவிடுவதில் முதல் குற்றவாளி, பின்னால் குவிந்த பாரம். சிறுவயதில் என் தாத்தாவின் மாட்டு வண்டியில் பருத்தி மூட்டை ஏற்றும்போது நான் அதிகம் கேட்ட சொல் 'முன்பாரம்'. மூட்டைகளை அடுக்கிவிட்டு நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கனம் தட்டுப்படாவிட்டால் இரண்டு மூட்டையை முன்னே தள்ளச் சொல்வார். பின்பாரமானால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்து புண்ணாகும். மாட்டின் நடைக்கு வாலாட்டம் வராது. அவர் கவலை வேறு. ஆனால் அவர் கையால் தூக்கிப் பார்த்த அதே எடையைத்தான், டிரெய்லர் கொக்கியில் இறங்கும் எடை என்று பொறியாளர்கள் அளக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டு டிரெய்லர்களுக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. அதற்கு மேல் போனால் பிக்கப்பின் பின்புறம் அமுங்கி, முன் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும்.

வாசகரின் சீட்டுகளுக்கு வருகிறேன். இரண்டும் தொட்டி காலியாக இருந்தபோது எடுத்தவை. கழற்றிய டிரெய்லரை முழுதாக மேடையில் ஏற்றியபோது 1,100 கிலோ. சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி மூக்கை வெளியே தாங்கியபோது 990 கிலோ. வித்தியாசம் 110 கிலோ, சரியாக 10 சதவீதம். பட்டறைக்காரர் நன்றாகவே செய்திருக்கிறார். கொக்கியிலிருந்து அச்சு 3.5 மீட்டர், தொட்டி அச்சுக்குப் பின்னால் 1.5 மீட்டர். 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ. அது கொக்கியைத் தூக்கும் அளவு 200 × 1.5 ÷ 3.5, ஏறத்தாழ 86 கிலோ. 110இல் 86 போனால் 24 கிலோ. மொத்தம் 1,300 கிலோவில் அது 2 சதவீதம்கூட இல்லை. கோவில்பட்டியில் குழாயைத் திறந்தபோது அவர் தன் முன்பாரத்தைத் திறந்துவிட்டுவிட்டார்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. கொக்கியை மையமாக வைத்துச் சுழலும் பொருளுக்கு எடையைவிட அதன் தூரம்தான் முக்கியம். சுழற்சி மாறுவதை ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கும் என்று சொல்லும் நிலைமத் திருப்புத்திறனில், எடையைத் தூரத்தால் இரண்டு முறை பெருக்க வேண்டும். 200 கிலோ 5 மீட்டரில் இருந்தால் 5,000. அதே 200 கிலோ 3 மீட்டரில் இருந்தால் 1,800. ஆடத் தொடங்கிய 5,000ஐ நிறுத்த, களைத்துப்போன அதே டயர் விசைதான் இருக்கிறது. மூக்கில் மணல் மூட்டை வைத்துச் சரிசெய்யலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். முன்பாரம் கூடும், ஆனால் பின்கோடியின் 5,000 அப்படியே இருக்கும். தொட்டியைத்தான் நகர்த்த வேண்டும்.

டயரில் காற்று குறைவாக இருந்தால் பக்கச்சுவர் தொய்ந்து பக்க விசை குறையும். பிக்கப்பின் பின் டயர்களுக்கும் இது பொருந்தும். கொக்கியின் உயரம், அச்சு கோணலாகப் பொருந்தியிருப்பது, மூட்டுகளின் உள்ளுறையான புஷ் தேய்ந்திருப்பது ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஆட்டத்தைத் தணிக்க விற்கப்படும் உராய்வுத் தண்டுகள் பயன் தருபவைதான். பாரத்தைச் சரியாக வைத்த பிறகு அவற்றைப் பொருத்துங்கள், முன்னால் வேண்டாம்.

ஸ்டியரிங்கை ஒடித்தது ஏன் வினையானது? இத்தகைய ஆட்டம் ஒன்று, ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை போய்வரும். நாம் பார்த்து, முடிவெடுத்து, கையைத் திருப்பி, வண்டி அதற்கு இணங்குவதற்குள் பாதி அலைவு முடிந்துவிடும். எதிர்த்துத் தள்ளுவதாக நினைத்து, கூடவே தள்ளுகிறோம். பிரேக்கை அழுத்தி மிதித்தால், பின்னால் வரும் 1,300 கிலோ கொக்கியை நெட்டித் தள்ளி மடக்குக்கத்தி போல மடங்கிவிடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை விட்டு, வேகம் தானாக இறங்கக் காத்திருப்பதுதான் சரி. டிரெய்லருக்கு மட்டும் தனி பிரேக் இருந்தால் அதை மெல்லப் பிடிக்கலாம். பின்னாலிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்ததுபோல் நேராகும். பயத்தில் செய்தாலும், அவர் காலை எடுத்தது சரியான வைத்தியம்.

எலுமிச்சம்பழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாண்டி கோயிலில் புது வண்டிக்குப் பூஜை போடாத வீடு எங்கள் பக்கம் குறைவு. என் வண்டிக்கும் அங்கேதான் மாலை போட்டோம். அதில் எனக்கு மறுப்பில்லை. விபத்துக்கு இடத்தைக் காரணமாக்குவதுதான் என்னை வருத்துகிறது. காரணம் பின்கோடியில் 200 லிட்டராக உட்கார்ந்திருக்கும்போது, சாலைமேல் பழியைப் போட்டுவிட்டு அதே தொட்டியோடு, அதே பிள்ளைகளோடு மறுபடியும் கிளம்பிவிடுவோம்.

நம் ஊரில் வீட்டு டிரெய்லர்கள் அபூர்வம். ஆனால் திருவிழாவுக்குப் போகும் ஜெனரேட்டர், கான்கிரீட் கலவை இயந்திரம், டிராக்டர் டிரெய்லர் என்று இழுபட்டுப் போகிறவை ஏராளம். வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலை இருக்கிறது. 1957 முதல் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. நம் பட்டறைகள் செய்யும் டிரெய்லர்களில் அசைவை அளக்கும் முடுக்கமானி உள்ள கைபேசியைக் கட்டி வைத்தே அவற்றின் ஆட்டத்தை மாணவர்கள் அளந்துவிடலாம். இப்படிப்பட்ட எளிய ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது, கண்ணைப் பறிக்கும் எந்தத் திட்டத்துக்கும் குறைந்ததல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொட்டியை அச்சுக்கு அரை மீட்டர் முன்னே மாற்றச் சொல்லி, நிறைந்த தொட்டியோடு முன்பாரம் 139 கிலோ வரும் என்று கணக்குப் போட்டு அனுப்பினேன். போன வாரம் புதிய சீட்டுகள் வந்தன: மொத்தம் 1,300, சக்கரங்களில் 1,160.