நொச்சியைத் தொட்டியிலிருந்து இறக்குங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தோட்டம் பார்க்கப் போயிருந்தேன். "கொசு வராதுன்னு சொன்னாங்கன்னுதான் சார் நொச்சி வாங்கி வச்சேன். பகல்லயே காலைப் பிடுங்குது" என்றார் அந்த அம்மா. செடி சிமென்ட் தொட்டியில் இருந்தது. அடியில் ஒரு தட்டு, அதில் இரண்டு விரல்கடைத் தண்ணீர். தட்டைத் தட்டியதும் கொசுப்புழுக்கள் நெளிந்து கீழே இறங்கின. பகலில் கடிக்கிற, டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தண்ணீர் தாராளம். முட்டை கொசுவாகிப் பறக்க எட்டுப் பத்து நாள்தான்.

நொச்சி இலையில் கொசுவுக்கு ஆகாத எண்ணெய் இருக்கிறது, உண்மை. ஆனால் இலையைக் கசக்கினாலோ மூட்டம் போட்டாலோதான் அதற்கு வேலை. சும்மா நிற்கிற செடி கொசுவை விரட்டாது.

அப்புறம் எதற்கு நட வேண்டும்? பூவுக்காகவே நடலாம். அரிசி அளவுப் பூதான். நீலமும் ஊதாவுமாகக் கொத்தாகப் பூத்தால் தேனீக்கள் அதை விட்டு நகராது. நம் வாய்க்கால் கரைகளில் யார் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள்? ஆடு மாடும் வாய் வைக்காது. 2018 கஜா புயலில் தென்னைகள் சாய்ந்த ஒரு கொல்லையில், இடுப்பளவில் முறிந்த நொச்சி அடுத்த மாதமே துளிர்த்ததைப் பார்த்தேன்.

புரட்டாசியில் நடுங்கள். பென்சில் பருமனில் முற்றிய குச்சி, ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. கணுவில் மொட்டு மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்த்து, பாதி மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றுங்கள். டெல்டாக் களிமண்ணில் இதைவிட முக்கியம் மேடு. வேர் பிடிக்காத குச்சி, ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மக்கிய எருவும் உமியும் கலந்து அரையடி உயர்த்திக்கொள்ளுங்கள். வேர் பிடித்த பிறகு பெரிதாகக் கவனிக்க வேண்டியதில்லை.

புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும். அதனால் பூத்து ஓய்ந்ததும் இடுப்பளவுக்கு வெட்டுங்கள். விட்டால் அடி மொட்டையாகி உச்சியில் மட்டும் இலை நிற்கும். வெட்டிய தழையை நிழலில் காயவைத்து உளுந்து மூட்டைக்குள் போட்டால் வண்டு அண்டுவது குறையும்.

அந்த அம்மாவின் செடியைக் கொல்லையில் மேடு போட்டு நட்டுவிட்டோம். தட்டுத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்றும் சொன்னேன். ஏடிஸ் முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். உடனே தேங்காய் நாரை எடுத்துவந்து அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார்.