டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டதா? அந்தக் கடிதத்தை மடித்து வைக்காதீர்கள்

ராணுவத்திலிருந்து வரும்போது ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, முதுகுத்தண்டுத் தேய்வு, மன அழுத்த நோய் என்று ஏதாவது ஒன்றைக் கூடவே கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரு கடிதம் வருகிறது: உங்கள் நோய்க்குப் பணி காரணமில்லை, பணியால் அது அதிகமாகவும் இல்லை, ஆகவே டிசபிலிட்டி பென்ஷன், அதாவது உடல் பாதிப்புக்கான ஓய்வூதியம், கிடையாது. ஆங்கிலத்தில் நாலு வரி, கீழே ஒரு கையெழுத்து. சரி, அவ்வளவுதான் என்று அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சாகும்வரை மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விதி சுருக்கமாக இதுதான். நோய் பணியால் வந்ததாகவோ பணியால் அதிகமானதாகவோ இருக்க வேண்டும். பணிக்காலம் முடிந்து வருகிறவருக்கு அதனால் வந்த உடல் பாதிப்பின் அளவு 20 சதவீதமாவது இருக்க வேண்டும். இரண்டையும் பார்ப்பது வெளியே வரும்போது உட்காரும் மெடிக்கல் போர்டு என்ற ராணுவ டாக்டர்கள் குழு. 21.9.2023-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புதிய விதிகள்; இந்தத் தொகைக்கே இம்பேர்மென்ட் ரிலீஃப் என்று பெயர் மாறிவிட்டது. நான் கீழே சொல்வது அதற்கு முன் வந்தவர்களுக்கு. டிஸ்சார்ஜ் தேதி எது, அன்றைக்கு எந்த விதி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய விதிக்காரருக்குப் புதிய விதியைக் காட்டித் திருப்பி அனுப்பினால் அதை எழுத்தில் கேளுங்கள்.

இப்போது 20 என்ற எண்ணைப் பற்றி. போர்டு 20 என்று எழுதி, பணியோடு தொடர்பும் உண்டு என்றால், ரவுண்டிங் முறையில் அது 50 ஆகக் கணக்கிடப்படும். 50-லிருந்து 75 வரை 75 ஆகும், அதற்கு மேலே 100. இது உடல்நலக் காரணத்தால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று துறை பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. முழுப் பணிக்காலம் முடித்தவருக்கும் உண்டு என்று 2014-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 100 சதவீதத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் என்பதால், 50-க்கு 15 சதவீதம், வாழ்நாள் முழுக்க. ஆனால் அதே போர்டு 15-லிருந்து 19 என்று எழுதிவிட்டால், பணிக்காலம் முடித்தவருக்கு ஒரு பைசா கிடையாது. ஒரே ஒரு புள்ளியில் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் நிற்கிறது, அந்தப் புள்ளியை ஏன் வைத்தார்கள் என்று பல தாள்களில் ஒரு வரி விளக்கம்கூட இருப்பதில்லை. நோயைக் காரணம் காட்டி உங்களைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் கதை வேறு: அளவு 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

ஆகவே கடிதத்தில் எதை மறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தொடர்பு இல்லை என்கிறார்களா, சதவீதம் போதாது என்கிறார்களா, இரண்டுமா? நிறைய மேல்முறையீடுகள் தோற்பது இங்கேதான். தொடர்பு இல்லை என்று சொன்னவர்களிடம், எனக்கு நோய் ரொம்ப அதிகம், நடக்க முடியவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்கள் கேட்டது அதுவல்ல.

தொடர்பு இல்லை என்பதற்கு வழக்கமாக எழுதும் காரணம், நோய் அமைதிப் பகுதியில், அதாவது களப் பணி இல்லாத சாதாரண முகாமில், இருந்தபோது தொடங்கியது என்பது. இது காரணமே ஆகாது. களப் பகுதியா அமைதிப் பகுதியா என்பது பொருட்டல்ல என்று ராணுவ மருத்துவப் பணிகளுக்கான 1983 விதிமுறையிலேயே, 423-ஆம் பத்தியில் இருக்கிறது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் எடுத்துச் சொல்லி, சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றுதான் கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது துறையின் பொறுப்பு, மெடிக்கல் போர்டு காரணம் எழுதியாக வேண்டும் என்றது. அந்த வழக்கு 1982 விதிகளின் கீழ் வந்தது. 2008-இல் விதிகள் மாறியதால், அதற்குப் பிறகு வெளியே வந்தவரிடம் அந்த விதி உங்களுக்கு இல்லை என்று வாதாடுவார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

இதையெல்லாம் எழுத உங்கள் கையில் தாள் வேண்டும். சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள், லோ மெடிக்கல் கேட்டகரியில் (உடல்தகுதி குறைந்தவர் என்ற பிரிவில்) போட்ட தாள்கள், அடிபட்டிருந்தால் காய அறிக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக கடைசி மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கை, அதாவது ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்ற படிவம். ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், போர்டின் கருத்து எழுதிய பக்கம்தான் உயிர். உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்குக் கடிதம் எழுதியும் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தாமதிக்க வேண்டாம். 2008 விதிகளின்படி, வெளியே வந்து 15 வருடம் கழித்துக் கேட்டு, அதற்குள் பழைய ஆவணங்களை அழித்திருந்தால், நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

முதல் மேல்முறையீட்டுக்கு மறுப்புக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதம். அதுவும் தோற்றால் இரண்டாவதற்கு இன்னொரு ஆறு மாதம். கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரைத் தேதிதான் உங்கள் சாட்சி. அனுப்புவதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அலைச்சல். ரெக்கார்டு ஆபீஸில் கேட்டால் பென்ஷன் அலுவலகம் என்பார்கள், அங்கே கேட்டால் ராணுவப் பென்ஷனுக்கான இணையதளமான ஸ்பர்ஷில் பாருங்கள் என்பார்கள், ஸ்பர்ஷில் புகார் போட்டால் ரெக்கார்டு ஆபீஸை அணுகவும் என்று சொல்லிப் புகாரை முடித்துவிடுவார்கள். ஒன்றை மனதில் வையுங்கள்: ஸ்பர்ஷில் போடும் புகார் மேல்முறையீடு ஆகாது. போனில் "பார்க்கிறோம் சார்" என்று சொன்னதும் ஆகாது. அந்தப் பதிலை நம்பிக் காத்திருந்து ஆறு மாதத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

மேல்முறையீடு போட்டு ஆறு மாதம் பதிலே இல்லையென்றால் அதற்காகச் சும்மா உட்கார வேண்டியதில்லை; ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது. அங்கேயும் கெடு ஆறு மாதம்தான். தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போடலாம், பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படும் உரிமை என்பதால் தீர்ப்பாயம் பல வழக்குகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் பாக்கியை வழக்குக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நிறுத்தியதும் பல வழக்குகளில் உண்டு. பத்து வருடம் சும்மா இருந்தவருக்கு ஏழு வருடப் பணம் இப்படிப் போகும்.

வாங்கித் தருகிறேன், வருகிற பாக்கியில் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று வருகிறவரிடம் மூல ஆவணங்களைக் கொடுக்காதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவி கேளுங்கள், அதற்குப் பணம் கிடையாது. வழக்கில் ஜெயித்த பிறகும் பணம் வராமல் இழுத்தால், தீர்ப்பை நிறைவேற்றக் கோரி அதே தீர்ப்பாயத்திலேயே தனியாக மனு போட வேண்டும். வக்கீல் கட்டணம் பேசும்போதே அந்த மனுவும் அதில் சேர்த்தியா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.