எந்தச் சாதனம் எத்தனை காசு தின்கிறது?

சிங்கப்பூரில் மாதாமாதம் வரும் கரண்டு பில்லில் மின்சாரத்துக்கு ஒரே ஓர் எண்தான் இருக்கும்: இத்தனை கிலோவாட் மணி. அதில் ஏர்கான் எவ்வளவு எடுத்தது, குளிர்பதனப் பெட்டி எவ்வளவு எடுத்தது என்று பில் பிரித்துச் சொல்லாது. அதனால் பில் ஏறும்போதெல்லாம் கூடத்து விளக்கை அணைக்க மறந்த பிள்ளைதான் திட்டு வாங்குகிறது. 10 வாட் எல்இடி விளக்கு இரவு முழுக்க எட்டு மணி நேரம் எரிந்தால் ஆகும் செலவு இரண்டரை காசுக்கும் குறைவு. பக்கத்து அறையில் அதே எட்டு மணி நேரம் ஓடும் ஏர்கான் ஒரு வெள்ளியை, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலரை, நெருங்கிவிடும். கணக்கு தெரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கணக்கும் பெரிதில்லை. வாட் என்பது ஒரு சாதனம் எவ்வளவு வேகமாக மின்சாரத்தை எடுக்கிறது என்பதைச் சொல்லும் எண். அந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதுதான் மீதிப் பாதி. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி, அதாவது நாம் சொல்லும் ஒரு யூனிட். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து, யூனிட் விலையால் பெருக்கினால் செலவு வந்துவிடும்.

யூனிட் விலை பில்லிலேயே இருக்கிறது. மின்சாரம் வழங்கும் எஸ்பி குழுமத்திடம் வழக்கமான கட்டணத்தில் வாங்கினால் அந்த விலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். எரிசக்திச் சந்தை ஆணையம் அதை மேற்பார்வை செய்கிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால், எரிவாயு விலை ஏறி இறங்கினால் நம் கட்டணமும் கூடவே ஆடும். 2018 முதல் கட்டங்கட்டமாகத் திறந்துவிடப்பட்ட சந்தையில் வேறு நிறுவனத்துக்கு மாறியவர்களுக்கு ஒப்பந்தத்தில் உள்ள விலை. இந்தக் கட்டுரையில் பொருள் சேவை வரியையும் சேர்த்து யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வீடுகளுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வரை இலவசம், அப்புறம் படிப்படியாக விலை ஏறும். இங்கே எஸ்பியின் வழக்கமான கட்டணத்தில் அந்தப் படிக்கட்டு கிடையாது. முதல் யூனிட்டும் ஐந்நூறாவது யூனிட்டும் ஒரே விலைதான், அதனால் நேராகப் பெருக்கினால் போதும்.

இனி சாதனங்களைப் பார்ப்போம். சத்தத்தை வைத்துச் செலவை எடைபோடக் கூடாது. இட்லி மாவு அரைக்கும் வெட் கிரைண்டர் வீடே அதிர ஓடும். ஆனால் 150 வாட் மோட்டார் 40 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட், மூன்று காசு. அதே சமையலறையில் சத்தமில்லாமல் நிற்கும் கெட்டில் 2,200 வாட். சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் மின்சாரத்தைக் கணிசமாக எடுக்கும் வேலைகள். சுற்றுவதும் ஒளிர்வதும் பேசுவதும் அவற்றோடு ஒப்பிட்டால் அற்பம்.

சூடாக்குவதில் இயற்கை ஒரு குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். குழாயில் 28 டிகிரியில் வரும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 72 டிகிரி ஏற்ற வேண்டும், அதற்குச் சுமார் மூன்று லட்சம் ஜூல். விலை இரண்டரை காசு. கெட்டிலின் உடம்பு சூடாவதையும் சேர்த்தால் மூன்று காசுக்குள். எந்தக் கெட்டில் வாங்கினாலும் இதில் பெரிய மாற்றம் இருக்காது, ஏனென்றால் வாட் அதிகமானால் நேரம் அதே அளவு குறைந்துவிடும். ஒரு குவளைத் தேநீருக்கு ஒன்றரை லிட்டர் கொதிக்க வைப்பதுதான் வீண்.

குளியலறை வாட்டர் ஹீட்டரும் இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. தொட்டியில்லாத ஹீட்டர்கள் பல 3,300 வாட் அளவில் இருக்கும். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் பிளக் தாங்குவது 2,990 வாட்தான், அதனால்தான் அதற்குத் தனி ஒயரும் தனி ஸ்விட்சும். பத்து நிமிடக் குளியலுக்கு 0.55 யூனிட், பதினாறரை காசு. நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒருமுறை என்றால் மாதம் 20 வெள்ளி கிட்ட வரும். தொட்டி வைத்த ஹீட்டர் வேறு ரகம். 25 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் போகும். அணைக்காமல் விட்டால் ஆறும் தண்ணீரை அது நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

சோற்றுப் பானையில் பலரும் பார்க்காத ஒரு கணக்கு இருக்கிறது. 700 வாட் குக்கர் அரை மணி நேரத்தில் சோறாக்கினால் பத்தரை காசு. பிறகு சூடு ஆறாமல் வைக்கும் நிலையில் 40 வாட் எடுக்கிறது என்று கொண்டால், காலை முதல் மாலை வரை எட்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட பத்து காசு. சூடாக வைத்திருந்த செலவில் இன்னொரு பானை சோறே ஆக்கியிருக்கலாம். மைக்ரோவேவில் மூன்று நிமிடம் சூடாக்கினால் இரண்டு காசு போதும். ஆனால் மைக்ரோவேவில் ஒன்றைக் கவனியுங்கள்: 800 வாட் என்று முகப்பில் இருப்பது உணவுக்குள் போகும் அளவு. பிளக்கிலிருந்து அது எடுப்பது 1,200 வாட் அளவுக்கு இருக்கும், பின்புறத் தகட்டில் அதைப் பார்க்கலாம்.

தகட்டு எண்ணை அப்படியே 24 மணி நேரத்தால் பெருக்கினால் சில சாதனங்களில் கணக்கு தப்பிவிடும். குளிர்பதனப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, ஏர்கான் எல்லாம் தேவைக்கேற்ப ஓடி நிற்பவை அல்லது வேகம் குறைப்பவை. குளிர்பதனப் பெட்டிக்குத் தகட்டை விட்டுவிட்டு, முன்னால் ஒட்டியிருக்கும், மின்சிக்கனத்தைக் காட்டும் டிக் குறிச் சீட்டைப் பாருங்கள். ஆண்டுக்கு இத்தனை கிலோவாட் மணி என்று அதிலேயே இருக்கும். 400 என்றால் ஆண்டுக்கு 120 வெள்ளி, நாளுக்கு 33 காசு.

ஏர்கானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், பல வீடுகளில் பில்லின் பெரும்பங்கு அதுதான். ஏர்கான் குளிரைத் தயாரிப்பதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அள்ளும் கூலிதான் நம் மின்சாரம். 9,000 பிடியூ என்ற படுக்கையறை ஏர்கான் மணிக்கு 2.64 யூனிட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றும். நல்ல கருவி ஒரு யூனிட் மின்சாரத்தில் நான்கு யூனிட் வெப்பத்தை நகர்த்தும் என்று வைத்தால், முழு வேகத்தில் எடுப்பது 660 வாட். அறை குளிர்ந்ததும் இன்வெர்ட்டர் வகை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவு முழுக்கச் சராசரி 400 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 96 காசு. 30 இரவுக்கு 28 வெள்ளி 80 காசு. இரண்டு அறை என்றால் இரட்டிப்பு.

அந்தச் சராசரியைத் தீர்மானிப்பது எது? ஒன்று, சுவர். வெயிலில் சூடான சுவர் இரவில் 29 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். ஏர்கானை 25ல் வைத்தால் வித்தியாசம் 4, 21ல் வைத்தால் 8. சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் வித்தியாசத்தோடு சேர்ந்து இரட்டிக்கிறது.

இன்னொன்று ஈரப்பதம், நம் ஊரில் இது சாதாரணச் சங்கதியில்லை. ஏர்கான் குழாயில் சொட்டும் தண்ணீர் முழுக்கக் காற்றிலிருந்து பிழிந்தது. காற்றில் உள்ள நீராவியை ஒரு லிட்டர் தண்ணீராக்க 0.68 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மின்சாரத்தில் ஐந்து காசு. ஒரு வாளி வைத்து அளந்து பாருங்கள். மூன்று லிட்டர் சேர்ந்திருந்தால் 15 காசு காற்றைக் காயவைக்க மட்டுமே போயிருக்கிறது. அறைக் கதவு அரைகுறையாகத் திறந்திருந்தால் கூடத்தின் ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும், வாளியும் வேகமாக நிறையும்.

உங்கள் ஏர்கானின் உண்மையான எண் வேண்டுமா? பிளக்கில் செருகும் சின்ன மீட்டர் கெட்டிலுக்கும் தொலைக்காட்சிக்கும் உதவும். சுவரோடு இணைத்த ஏர்கானுக்கும் ஹீட்டருக்கும் உதவாது. புது வகை மீட்டர் உள்ள வீடுகளில் எஸ்பி செயலி அரைமணிக்கு அரைமணி பயன்பாட்டைக் காட்டும். எல்லாரும் உறங்கும் நேரத்தில் ஏர்கான் போட்ட இரவையும் காற்றாடியோடு சமாளித்த இரவையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஏர்கானுடையது. இரண்டு இரவிலும் மாறாமல் அடியில் நிற்கும் அளவு குளிர்பதனப் பெட்டி, வைஃபை கருவி, தூங்குவதுபோல இருக்கும் செட்டாப் பெட்டி இவற்றினுடையது. 10 வாட் ஓயாமல் எடுக்கும் ஒரு பெட்டி மாதம் 2 வெள்ளி 16 காசு கேட்கும்.

கடையில் நிற்கும்போதும் இதே பெருக்கல் கைகொடுக்கும். பழைய வகைக் கூரைக் காற்றாடி 60 வாட், டிசி மோட்டார் வைத்தது 25 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 12 மணி நேரம் சுற்றும் கூடத்தில் ஆண்டுக்கு 153 யூனிட் மிச்சம், ஏறக்குறைய 46 வெள்ளி. டிசி காற்றாடிக்கு 100 வெள்ளி கூடுதலாகக் கொடுத்தாலும் இரண்டே கால் ஆண்டுக்குள் திரும்பிவிடும். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் சுற்றும் விருந்தினர் அறையில் அதே 100 வெள்ளி திரும்பி வர 26 ஆண்டு ஆகும், அங்கே பழையதே ஓடட்டும்.