மேற்கும் இல்லை, கறையும் இல்லை

வெஸ்டர்ன் பிளாட் (Western blot) என்ற ஆய்வகச் சோதனைக்குத் தமிழில் 'மேற்கத்திய கறை' என்று ஒரு பெயர் சுற்றிக்கொண்டிருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை பற்றிய கட்டுரைகளில் பார்த்தேன், உயிர்வேதியியல் குறிப்புகளில் பார்த்தேன். இயந்திர மொழிபெயர்ப்பின் புண்ணியத்தில் இப்போது எங்கும் பார்க்கிறேன். படிப்பவருக்கு என்ன தோன்றும்? மேலைநாட்டில் ஏதோ கறை படிந்துவிட்டது, அதை ஆய்வகத்தில் துவைக்கிறார்கள் என்றுதான்.

முதலில் பொருள். உயிரணுவிலோ திசுவிலோ குறிப்பிட்ட ஒரு புரதம் இருக்கிறதா, இருந்தால் ஏறக்குறைய எவ்வளவு என்று பார்க்கும் முறை இது. புரதக் கலவையை எஸ்.டி.எஸ். என்ற சலவைப்பொருள் சேர்த்துச் சூடாக்கி, ஜெல்லில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சுவார்கள். சிறிய புரதம் முன்னால் ஓடும், பெரியது பின்தங்கும். தேடும் புரதத்தைப் பிடித்துக் காட்டுவது எதிர்ப்பொருள் (antibody), ஜெல்லுக்குள் அது எளிதில் நுழையாது. ஆகவே நைட்ரோசெல்லுலோஸ் அல்லது பி.வி.டி.எஃப். சவ்வை ஜெல்லோடு ஒட்ட வைத்து, மறுபடி மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைச் சவ்வுக்குக் கடத்துவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினால் போதும், அந்த இடத்துக்குப் புரதம் வந்து சேராது. கடைசியில் பட்டை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை வட்டம் நிற்கும். அதற்குத்தான் மேலே உருளையை உருட்டுவது. பிறகு எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கப் பால்பொடிக் கரைசலில் சவ்வை ஊறவைத்து, எதிர்ப்பொருளைச் சேர்த்துத் தேடும் புரதத்தைப் பட்டையாகப் பார்ப்பது.

பெயர் வந்த கதை சுருக்கமானது. 1975இல் எட்வின் சதர்ன் டி.என்.ஏ. துண்டுகளை ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றும் முறையை வெளியிட்டார். சதர்ன் என்பது அவருடைய குடும்பப்பெயர், திசை அல்ல. 1977இல் ஸ்டான்ஃபோர்டில் ஆர்.என்.ஏ.வுக்கு அப்படியொரு முறை வந்ததும், விளையாட்டாக அதற்கு 'நார்தர்ன்' என்று பெயர் விழுந்தது. புரதத்துக்கான முறையை 1979இல் ஹாரி டோபின் குழு வெளியிட்டது. அதற்கு 'வெஸ்டர்ன்' என்று பெயர் வைத்தவர் நீல் பர்னெட். 1981இல் அச்சில் வந்தது. அவர் வேலை பார்த்தது சியாட்டிலில், அமெரிக்காவின் மேற்குக் கரையில். ஆக, ஒரு மனிதரின் பெயரை வைத்து அடித்த சிரிப்பு இது.

சிரிப்பை எப்படி மொழிபெயர்ப்பது? 'தெற்கத்திய கறை' என்று எழுதுகிறவர் சதர்ன் என்ற ஆளையே மொழிபெயர்த்துவிட்டார். ராபர்ட் பிரௌன் பெயரிலுள்ள பிரௌனியன் இயக்கத்தை யாராவது 'பழுப்பு இயக்கம்' என்று எழுதுகிறோமா? அந்த அளவு விவேகம் இங்கே மட்டும் எங்கே போனது? இது இரண்டு திசைகளோடும் நிற்கவில்லை. டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்களைத் தேடும் முறைக்கு சவுத்வெஸ்டர்ன் என்று பெயர். அது 'தென்மேற்குக் கறை' ஆனால் வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது. எதிர்ப்பொருளுக்குப் பதில் இன்னொரு புரதத்தை வைத்தே தேடுவது ஃபார் வெஸ்டர்ன். அது 'தொலைதூர மேற்கத்திய கறை'யாம். தேடிப் போக வழிச்செலவு யார் தருவது?

கறை இன்னும் மோசம். 'பிளாட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கறை என்ற பொருளும் உண்டு, ஒற்றி எடுத்தல் என்ற பொருளும் உண்டு. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துவிட்டார்கள். இது ரசனைக் குறைவு மட்டுமல்ல, பிழை. இந்தச் சோதனையிலேயே சாயமேற்றும் படி தனியாக உண்டு: புரதம் சவ்வுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, போன்சோ சாயத்தில் நனைப்பார்கள், சிவப்பாகப் பட்டைகள் தெரியும், கழுவினால் போய்விடும். ஜெல்லுக்கு கூமாசி நீலம். 'கறையைச் சாயமேற்று' என்று எழுதினால் மாணவர் எதைச் செய்வார், எதை விடுவார்?

'படியெடுத்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதற்கு அந்தச் சொல் எப்போதோ போய்விட்டது. 'உறிஞ்சல்' என்பது பரவாயில்லை, ஆனால் உறிஞ்சினால் எது எங்கே போகிறதென்று தெரியாது. இங்கே முக்கியமே இடம் மாறாமல் வருவதுதான்.

அதற்கு நம்மிடம் ஒற்றல் இருக்கிறது. கண்ணீரைத் துடைப்பது வேறு, ஒற்றி எடுப்பது வேறு. துடைத்தால் கலையும், ஒற்றினால் இருந்தபடியே வரும். ஒற்றடம்தான் பேச்சில் ஒத்தடம் ஆனது. மையொற்றுத்தாளில் எழுத்து இடவலம் மாறி விழுமே, சவ்விலும் அதே கதைதான். எந்தப் பக்கம் எது என்று தெரிய, ஓரத்தில் ஒரு மூலையை வெட்டி வைப்பார்கள். இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு கறைக்குப் போனது சோம்பேறித்தனம். ஒற்று என்றால் மெய்யெழுத்து, உளவு என்றெல்லாம் பொருள் வருமே என்று ஆட்சேபிக்கிறார்கள். வரட்டும். ஆய்வகக் குறிப்பில் 'ஒற்றல்' என்று படித்துவிட்டு யாரும் வேவு பார்க்கக் கிளம்பப்போவதில்லை.

என் தேர்வு புரத ஒற்றல். டி.என்.ஏ. முறைக்கு சதர்ன் ஒற்றல். மனிதர் பெயர் மனிதர் பெயராகவே இருக்கட்டும். நார்தர்னுக்கு ஆர்.என்.ஏ. ஒற்றல். ஜெல்லில் ஓட்டாமல் மாதிரியை நேரே சவ்வில் சொட்டினால் அது புள்ளி ஒற்றல், அங்கே எடை பார்த்துப் பிரிப்பது கிடையாது. எதிர்ப்பொருளை வைத்துத் தேடுவதை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'எதிர்ப்பொருள்வழிப் புரத ஒற்றல்' என்று நீட்டலாம், நீளம்தான். பரிசோதனை முடிவுத் தாளில் 'வெஸ்டர்ன் ஒற்றல்' என்று இருந்தாலும் எனக்குச் சண்டையில்லை. ஆய்வக மேசையில் நிற்கிறவர் "வெஸ்டர்ன் போட்டேன், பேண்டே வரல" என்று புலம்பினால் அவரைத் திருத்தவும் மாட்டேன். அவருக்கு அப்போது வேண்டியது கலைச்சொல் அல்ல, புது எதிர்ப்பொருள்.