நேரு, ஆசாத் பேரில் வரும் புலமைப்பரிசில்: எங்கட பிள்ளைகளும் கேட்கலாம்

உயர்தரப் பெறுபேறு வந்தால் கிழக்கில் எங்கட பக்கத்தில் இரண்டு கிழமைக்குப் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக் கதைதான். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைக்குமா, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைக்குமா, வெட்டுப்புள்ளி எதில் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு கணக்கு. அந்தக் கணக்கில் பலரும் சேர்க்காமல் விடுவது, இந்திய அரசு இலங்கை மாணவருக்குத் தரும் முழுப் புலமைப்பரிசில்.

கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் இதற்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் கோரும். பட்டப்படிப்புக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி பேரில் தனியாக ஒன்று. பொறியியல், விஞ்ஞானம், வணிகம், கலை எல்லாம் படிக்கலாம். மருத்துவம் கிடையாது. டொக்டர் கனவோடு இருக்கும் உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேருவையும் ஆசாத்தையும் ஒன்றாகச் சேர்த்தது பாராளுமன்றம் மட்டுமில்லை, சிறையும்தான். 1942 ஆகஸ்ட் 8இல் பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. அடுத்த நாள் விடியமுன் தலைவர்களைப் பிடித்துவிட்டார்கள். அப்போது காங்கிரஸ் தலைவர் ஆசாத். அவரையும் நேருவையும் அகமத்நகர் கோட்டையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அடைத்து வைத்திருந்தார்கள். 1943இல் கல்கத்தாவில் மனைவி இறந்தபோது ஆசாத்தால் கடைசி முகம்கூடப் பார்க்க முடியவில்லை. மக்காவில் பிறந்து, பள்ளிக்கூட வாசல் மிதிக்காமல் வீட்டிலேயே படித்த மனிதர், சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சரானார். 1950இல் அவர் தொடங்கிவைத்த கலாசார உறவுகளுக்கான இந்தியப் பேரவைதான் இன்றும் இந்தப் புலமைப்பரிசிலைக் கொடுக்கிறது.

கற்கைக் கட்டணம் முழுவதும், படிப்பு முடியும்வரை மாதாந்தப் படி, தங்குமிடப் படி, புத்தகச் செலவு, மருத்துவ வசதி, விமானச் சீட்டு எல்லாம் இதற்குள் அடங்கும். இலங்கைக் கல்வி அமைச்சோடு கலந்து பேசித்தான் ஆட்களைத் தெரிவு செய்வார்கள். இடையில் தரகர் யாருக்கும் வேலை இல்லை. “சீட் எடுத்துத் தாறன்” என்று யாராவது காசு கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும். தமிழ்நாட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலானந்தர் காரைதீவு மண்ணில் பிறந்தவர்தான். அக்கரைப் பல்கலைக்கழகம் நமக்கு அந்நியம் இல்லை, மொழிக்குத்தான் ஆயத்தம் வேண்டும்.

உண்மையில் பிள்ளைகள் இடறுவது பெயரில். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும்; அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்க வேண்டும். அவர் எழுதும் எழுத்துக்கூட்டலும் கடவுச்சீட்டில் இருப்பதும் ஒன்றாக வருவது அருமை. எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்திக்குத் தகப்பனின் பெயர் கணபதிப்பிள்ளை. ஒரு தாளில் இரண்டு ‘பி’, மற்றத் தாளில் ஒன்று. உயர்தரச் சான்றிதழில் வெறும் முதலெழுத்து. மூன்று தாளையும் மேசையில் பரப்பினால் மூன்று தகப்பன்மார்! கடைசிக் கிழமையில் ஓடித்திரிந்து, சத்தியக் கடதாசி முடித்துத்தான் அனுப்பினாள். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, “இதேமாதிரி எழுதுங்கோ” என்று சொன்னால் இந்த ஓட்டம் மிச்சம்.

பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யும்போது அதன் பட்டத்தை இங்குள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பாருங்கள். அரச வேலைக்குப் போகும் நாளில் அந்தக் கேள்வி வரும். உயர்ஸ்தானிகராலயத்தின் கிளைகள் யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டையில் இருக்கின்றன, கிழக்கில் இல்லை. அதனால் அறிவித்தலை அவர்களின் இணையத்தளத்தில் நாமே தேடிப் பார்க்க வேண்டும். முடிவுத் திகதிக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்தால் நெட் கழுத்தறுக்கும். ஒரு கிழமை முந்தியே அனுப்பிவிடுங்கள்.