குபட்டாவ்: இலை கருகியதால் சரிந்த மலை

பிரேசிலின் குபட்டாவ் நகரத்தை ஒரு காலத்தில் ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்றே அழைத்தார்கள். அங்கே மழைக்கு மலை சரிந்ததற்கும் ஆலைப் புகைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நேரடியான சம்பந்தம் இருக்கிறது.

சான்டோஸ் துறைமுகத்தை ஒட்டிய பெருநகரப் பகுதியில், செர்ரா டோ மார் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது குபட்டாவ். ஆலைகளை அங்கே இழுத்து வந்ததே இந்த மலைதான். ஆற்று நீரை மலைமேலிருந்து சுமார் 720 மீட்டர் கீழே இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1926இல். பின்னாளில், மேலே சாவோ பாவுலோவில் ஓடும் பின்ஹெய்ரோஸ் ஆற்றையும் எதிர்த்திசையில் ஓடவைத்து அதற்கு நீர் கொண்டுவந்தார்கள். நொடிக்கு ஒரு கனமீட்டர் நீர் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய 7 மெகாவாட் கிடைக்கும். பக்கத்திலேயே துறைமுகம், மேலே சாவோ பாவுலோ சந்தை. 1955இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அப்புறம் எஃகு ஆலை, உர ஆலைகள்.

பகலில் கடற்காற்று புகையை மலையை நோக்கித் தள்ளியது. எதிரே சுவர் மாதிரி மலை. புகை பள்ளத்தாக்குகளிலேயே தேங்கியது.

இங்கேதான் என்னை வியக்கவைக்கும் வேதியியல் வருகிறது. உரம் செய்யப் பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைப்பார்கள். பாறைக்குள் இருக்கும் புளோரின் அப்போது புளோரைடு எனப்படும் வாயுச் சேர்மங்களாக வெளியேறும். காற்றில் அது இருப்பது மிகக் கொஞ்சம். ஆனால் இலைத்துளை வழியாக உள்ளே போன புளோரைடு, இலைக்குள் ஓடும் நீரோடு சேர்ந்து நுனிக்கும் விளிம்புக்கும் போகிறது. நீர் ஆவியாகிவிடும், புளோரைடு அங்கேயே தங்கிவிடும். நாளுக்கு நாள் சேர்ந்து, காற்றில் இருந்ததைவிடப் பல மடங்கு செறிவாகி, இலையை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருக்குகிறது. இலை தன் உயிருக்காகச் செய்யும் வேலையே நஞ்சைச் சேர்த்து வைக்கும் வேலையாகிவிடுகிறது!

இலை போனால் மரம் சாகும். ஆனால் செத்த மரத்தின் வேர் உடனே கைவிடுவதில்லை. மெதுவாக மட்கி, சில ஆண்டுகளில் பிடியை விடுகிறது. செங்குத்துச் சரிவில் மெல்லிய மண்ணைப் பிடித்திருந்தது அந்த வேர்ப்பின்னல்தான். அது தளர்ந்திருந்த நேரத்தில், 1985 தொடக்கத்தில், பெருமழை கொட்டியது. மண்ணிடுக்குகளில் நீர் நிரம்பி அழுத்தம் கூட, சரிவு பல இடங்களில் பெயர்ந்து வந்தது.

அதற்குள் மாநிலச் சுற்றுச்சூழல் நிறுவனமான செடெஸ்பி வேலையைத் தொடங்கியிருந்தது. 1983இல் 320 மாசு மூலங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, ஒவ்வோர் ஆலைக்கும் கெடு வைத்தார்கள். எந்தப் புகைபோக்கி எதை எவ்வளவு விடுகிறது என்று தெரியாமல் போடும் சட்டம் வெறும் காகிதம். காற்றை அளக்கும் கருவிகளுக்கும் அளக்கிற ஆட்களுக்கும் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

புளோரைடு வாயுக்கள் நீரில் எளிதில் கரைபவை. அதனால் புகையை நீரால் கழுவி அனுப்பினால் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். அந்த வாயு குறைந்த பிறகுதான் காட்டை மீட்க முடிந்தது. முன்பே விதைத்திருந்தால் நாற்றும் கருகியிருக்கும். ஆள் ஏற முடியாத சரிவு என்பதால் ஹெலிகாப்டரிலிருந்து விதை தூவினார்கள். பொடி விதை காற்றில் பறந்துவிடும் என்று ஜெலட்டின் உருண்டைக்குள் வைத்தார்கள். விதைக்கு எடையும் கிடைத்தது, ஈரமும் கிடைத்தது.

மலை மறுபடி பச்சையாகிவிட்டது. ஆனால் உர ஆலைகள் நெருங்கி நிற்கும் விலா பரிசி பகுதியில் காற்றிலுள்ள தூசித்துகள் அளவு இன்றும் அடிக்கடி வரம்பைத் தாண்டுகிறது.